முன்பல்லை உடைத்தால் பெருங்குற்றம், மூக்கை அறுத்தால் இல்லையா? – இடைக்கால இங்கிலாந்தின் அடிதடி வழக்குகள்

வெண்ணாறு:
போன மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த தள்ளுமுள்ளில் சித்தப்பா மகனுக்கு ஒரு பல் போய்விட்டது. ஸ்டேஷனில் "சாதாரணக் காயமா, கொடுங்காயமா" என்று அரை நாள் பேச்சு. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினால், எலும்போ பல்லோ உடைந்தாலே கொடுங்காயம் என்று இருக்கிறது. பல்லுக்கு இவ்வளவு மரியாதையை யார் கொடுத்தது என்று தேடப் போனவன், இப்போது 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வந்து நிற்கிறேன்.

அங்கே பிராக்டன் பெயரில் வழங்கும் சட்ட நூலில் "மேஹெம்" என்று ஒரு குற்றம். முன்பல்லை உடைத்தால் மேஹெம். ஆனால் பழைய ஆங்கிலச் சட்டத்தில் மூக்கையோ காதையோ அறுத்தால் மேஹெம் கிடையாது, அது முகத்தை அலங்கோலம் செய்தது மட்டும்தானாம். எந்த ஊர் நியாயம் இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி:
சூர்ப்பணகை லண்டனில் கேஸ் போட்டிருந்தால் முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி என்கிறீர்கள்.

ஏட்டுச்சுவடி:
சிரித்தாலும் சரி, விதி அதுதான். பிராக்டன் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அடிபட்டவன் உடம்பின் எந்தப் பாகத்திலாவது சண்டை போட முடியாதவன் ஆனானா? கை, கால், கண், விரல் போனால் ஆனான். விதையடித்தாலும் ஆனான். முன்பல் போனாலும் ஆனான், ஏனென்றால் எதிராளியை வீழ்த்த முன்பல் நன்றாக உதவும் என்று அந்த நூலே காரணம் சொல்கிறது. கடிப்பதைத்தான் சொல்கிறார்கள். மூக்கு இல்லாமலும் ஒருவன் கட்டிப் புரளலாம் என்பது அவர்கள் கணக்கு.

சந்தேகப்பிராணி:
அப்படியென்றால் இது ராஜாவின் படைக்கு ஆள் குறையக் கூடாது என்ற கவலைதானே? குடிமகனின் கை ராஜாவின் சொத்து. அதை வெட்டினால் ராஜாவுக்கு நஷ்டம்.

பழைய வக்கீல்:
பிற்காலத்து வக்கீல்கள் அப்படித்தான் விளக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டு நீதிபதி எட்வர்டு கோக் எழுதி வைத்த ஒரு வழக்கு உண்டு. 1613, லெஸ்டர்ஷயர். ரைட் என்ற திடகாத்திரமான இளைஞன், கை இல்லாவிட்டால் பிச்சை நன்றாக விழும் என்று கணக்குப் போட்டு, கூட்டாளியை விட்டே தன் இடது கையை வெட்டிக்கொள்கிறான். வெட்டியவன் மீதும் வழக்கு, வெட்டிக்கொண்டவன் மீதும் வழக்கு. இருவருக்கும் அபராதம். "என் கை, நான் வெட்டிக்கொண்டேன்" என்பது எடுபடவில்லை.

நான் 38 வருடம் கிரிமினல் கோர்ட்டில் நின்றவன். தற்கொலை முயற்சி வழக்குகள் பார்த்திருக்கிறேன். தன் கையைத் தானே வெட்டக் கொடுத்துவிட்டு எதிரியாக நின்ற ஆளைப் பார்த்ததில்லை.

ஏட்டுச்சுவடி:
வக்கீல் சார் சொன்னது கோக்கின் காலத்து விளக்கம். பிராக்டனுக்கும் அவருக்கும் நடுவே 350 வருடத்துக்கு மேல் இருக்கிறது. "சண்டை போடும் திறன்" எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குப் படையை விடப் பொருத்தமாகப் படுவது வேறு ஒன்று. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்தக் காலப் பதிவுகளில் "அப்பீல்" என்று வந்தால் மேல்முறையீடு என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவன் தானே முன்னால் வந்து "இன்னார் என்னை வெட்டினான்" என்று குற்றம் சாட்டுவதற்குத்தான் அப்பீல் என்று பெயர். இன்றுபோல் போலீஸும் அரசு வக்கீலும் கிடையாது. கொலை, கொள்ளை, தீவைப்பு, பலாத்காரம், மேஹெம், வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் அப்பீல் உண்டு.

அப்பீல் போட்டவன் எப்படி நிரூபிப்பான்? "என் உடம்பால் நிரூபிக்கிறேன்" என்பான். அதாவது எதிரியோடு ஒண்டிக்கு ஒண்டி மோதத் தயார். கொம்பு முனை வைத்த தடி, தோல் கேடயம், நடுவே நீதிபதிகள். எதிரி அன்று மாலை நட்சத்திரம் தெரியும் வரை தாக்குப்பிடித்துவிட்டால் போதும், விடுதலை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வலது கையை வெட்டியவன் மீது அப்பீல் போடுகிறவன் எந்தக் கையால் தடி பிடிப்பான்? அதனால்தான் 1180-களின் இறுதியில் எழுதப்பட்ட, கிளான்வில் பெயரில் வழங்கும் நூல் ஒரு விலக்குத் தருகிறது: குற்றம் சாட்டுகிறவன் 60 வயது தாண்டியவனாகவோ மேஹெம் அடைந்தவனாகவோ இருந்தால் மோத வேண்டாம். எலும்பு முறிவு, தலைக்காயம் என்று மேஹெமுக்கு அங்கே ஒரு விளக்கமும் உண்டு. அப்படிப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன்தான் தெய்வப் பரீட்சைக்குப் போக வேண்டும். சுதந்திரமானவன் என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்த வேண்டும், பண்ணையடிமை என்றால் தண்ணீரில் இறங்க வேண்டும்.

ஆக "இவனால் மோத முடியுமா" என்பது படைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி கேட்ட கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. இந்த வழக்கை எந்த வழியில் நிரூபிப்பது என்று முடிவு செய்ய நீதிபதி கேட்ட கேள்வி. பல் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

சந்தேகப்பிராணி:
இது நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராஜாவை நீங்கள் மொத்தமாக வெளியே தள்ளவும் முடியாது. ஏனென்றால் அடிதடி எல்லாம் ராஜாவின் நீதிபதிகளிடம் போகவில்லையே?

ஏட்டுச்சுவடி:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். கிளான்விலே சொல்கிறது: கைகலப்பு, அடி, காயம் எல்லாம் ஷெரீப்பின் (மாவட்ட அதிகாரியின்) வேலை. குற்றம் சாட்டுகிறவன் "ராஜாவின் அமைதியைக் குலைத்தான்" என்ற வாசகத்தைச் சேர்த்தால்தான் அது ராஜாவின் வழக்கு. எனவே விஷயம் தெரிந்த எவனும் அந்த வாசகத்தை விடவில்லை. ராஜாவின் அமைதிக்கு எதிராக, கொடிய மனதோடு, ஃபெலனியாக (அதாவது பெருங்குற்றமாக) என்று மந்திரம் போல் வரும். ஒரு சொல் குறைந்தாலும் எதிரி அதைப் பிடித்துக்கொண்டு அப்பீலை உடைத்துவிடுவான்.

கட்டுப்போடுபவள்:
நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு ஒரே கேள்வி. காயத்தை யார் பார்த்து எழுதினார்கள்? இங்கே ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) இல்லாமல் ஒரு கேஸும் நகராது.

ஏட்டுச்சுவடி:
கரோனர்! இன்று இந்தப் பெயரைக் கேட்டால் பிணப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். 1194-இல் அந்தப் பதவியை உருவாக்கியபோது வேலை இன்னும் பரந்தது. மாவட்டத்துக்கு மூன்று வீரர்கள், ஒரு குமாஸ்தா, ராஜாவுக்குரிய வழக்குகளைக் குறித்து வைக்க.

வெட்டுப்பட்டவன் செய்ய வேண்டியது இது: உடனே கூக்குரல் எழுப்ப வேண்டும், அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆறாத காயத்தைக் கரோனரிடம் காட்ட வேண்டும், அடுத்த மாவட்ட மன்றத்தில் அப்பீலைச் சொல்ல வேண்டும். நாள், நேரம், இடம், ஆயுதம், காயத்தின் நீளம், ஆழம் எல்லாம் பதிவாகும். பிறகு ராஜாவின் நீதிபதிகள் சுற்றி வருவார்கள். அந்தச் சுற்றுக்கு "ஏர்" என்று பெயர் (நம்ம ஏர் இல்லை, கலப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்). அது பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும். அப்போது அடிபட்டவன் முன்பு சொன்னதை வரி பிசகாமல் திரும்பச் சொல்ல வேண்டும். இடது தோள் என்று சொன்னவன் வலது தோள் என்றால் கதை முடிந்தது.

கட்டுப்போடுபவள்:
வருடக்கணக்கில் கழித்து வந்தால் தழும்பு எங்கே, நீளம் எங்கே? நான் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகும்போதெல்லாம் "டாக்டர், நீங்கள் எழுதியது 4 செ.மீ., இப்போது 3 தானே இருக்கிறது" என்று ஒருவர் கேட்பார். அந்த ஆளின் மூதாதையர் யார் என்று இப்போதுதான் தெரிகிறது.

பழைய வக்கீல்:
அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கலாம் அம்மா, மன்னியுங்கள்.

டாக்டரம்மாவுக்குப் பிடித்த சங்கதி ஒன்று. மூன்றாம் எட்வர்டு காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஒரு காயம் மேஹெமா இல்லையா என்று நீதிபதிகளுக்கே குழப்பம். லண்டனிலிருந்து தேர்ந்த அறுவை மருத்துவர்களை வரவழைக்கச் சொல்லி ஷெரீப்புக்கு உத்தரவு போட்டார்கள். நிபுணர் சாட்சியம் என்று இன்று நாம் சொல்வதற்கு முன்னோடியாக இதைத்தான் காட்டுவார்கள்.

நீலாம்பரி:
பெண்கள்? அடிபட்டது மனைவியோ வேலைக்காரியோ என்றால் எந்தத் தடியை எடுத்துக்கொண்டு மோதுவாள்?

ஏட்டுச்சுவடி:
பெண்களை மோதச் சொல்லவில்லை. ஆனால் அதையே சாக்காக வைத்து அவர்களின் அப்பீலைச் சுருக்கினார்கள். தன் கண் முன்னால் கணவன் கொல்லப்பட்டால் போடலாம், தன் உடம்புக்கு நேர்ந்த கொடுமைக்குப் போடலாம். 1215-இன் மேக்னா கார்ட்டாவிலேயே ஒரு பிரிவு இருக்கிறது: கணவனின் சாவு தவிர வேறு யார் சாவுக்காகவும் ஒரு பெண்ணின் அப்பீலை வைத்து யாரையும் கைது செய்யவோ சிறையில் போடவோ கூடாது. சுதந்திரத்தின் ஆவணம் என்று நாம் பள்ளியில் படித்ததில் இந்த வரி வராது.

ஆனாலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அடி, காயம், அடியால் கரு கலைந்தது என்று பெண்கள் போட்ட அப்பீல்கள் பதிவுகளில் இருக்கின்றன. எதிரி "இவளுக்கு அப்பீல் உரிமை இல்லை" என்று தட்டிவிட்ட பிறகும் நீதிபதிகள் ஜூரிகளைப் பார்த்து "சரி, அது போகட்டும். இவன் செய்தானா இல்லையா?" என்று ராஜாவின் சார்பில் கேட்பதுண்டு. அப்பீல் விழுந்தாலும் ஆள் மாட்டிக்கொள்வான்.

நீலாம்பரி:
அப்படியென்றால் விழும் என்று தெரிந்தேகூடப் போட்டிருப்பார்கள், இல்லையா? கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று.

ஏட்டுச்சுவடி:
நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

வெண்ணாறு:
ஜூரி எப்போது நடுவே வந்தது? தெய்வப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பழைய வக்கீல்:
1215-இல் போப் கூட்டிய நான்காம் லாட்டரன் சபை, பாதிரியார்கள் இரும்பையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடை போட்டது. பாதிரியார் இல்லாமல் பரீட்சை இல்லை. 1219-இல் சிறுவன் மூன்றாம் ஹென்றியின் அரசு நீதிபதிகளுக்கு "இப்போதைக்கு உங்கள் புத்தியைப் பயன்படுத்திச் சமாளியுங்கள்" என்கிற தோரணையில் கடிதம் அனுப்பியது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் விசாரணை ஜூரி. குற்றம் சாட்டப்பட்டவன் "ஊரார் தீர்ப்புக்கு என்னை ஒப்படைக்கிறேன்" என்று சொல்வான். அந்த ஜூரிகள் ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள் அல்ல. விவகாரம் தெரிந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அதாவது டீக்கடையில் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

மோதல் முறை மட்டும் ஏட்டில் அப்படியே கிடந்தது. 1817-இல் ஒரு கொலை அப்பீலில் எதிரி கையுறையை எறிந்து "மோத வா" என்றான். சட்டப்படி அவன் செய்தது சரி என்று 1818-இல் நீதிபதிகள் சொன்னார்கள். அப்பீல் போட்டவன் பின்வாங்கினான். அடுத்த வருடமே பாராளுமன்றம் மோதல், அப்பீல் இரண்டையும் ஒழித்தது.

சந்தேகப்பிராணி:
காயத்துக்காக உண்மையிலேயே மோதிய வழக்கு ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் வாய்ச்சவடாலா?

ஏட்டுச்சுவடி:
பெரும்பாலும் வாயோடு சரி. நடந்ததில் மறக்க முடியாதது 1221, வூஸ்டர். எல்டர்ஸ்ஃபீல்டு ஊர்த் தாமஸ் தன்னை வெட்டினான் என்று ஜார்ஜ் என்பவன் அப்பீல் போட்டான். ஜார்ஜின் மனைவியோடு தாமஸுக்கு முன்பு தொடர்பு இருந்ததுதான் பகையின் வேர். காயம் மோத முடியாத அளவுக்கு இல்லை, ஆகவே மோதினார்கள். தாமஸ் தோற்றான். தோற்றவனுக்குத் தூக்கு. ஆனால் நீதிபதிகள் "இரக்கம்" காட்டி, கண்ணைப் பிடுங்கி விதையடித்தால் போதும் என்றார்கள். அது நடந்தது. பிறகு புனித வுல்ஃப்ஸ்டனின் அருளால் இரண்டும் திரும்ப முளைத்தன என்று வூஸ்டர் துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிசயத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மோதல் நடந்தது அரசுப் பதிவிலும் இருக்கிறது.

கவனியுங்கள், அங்கே வழக்கு ஒரு காயம். தண்டனையாகக் கிடைத்தது மேஹெம்.

கட்டுப்போடுபவள்:
படித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தேன். வேண்டாம்.

சந்தேகப்பிராணி:
இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் அப்பீல் போட்டார்கள்? தோற்றால் என்ன ஆகும்?

பழைய வக்கீல்:
ராஜி! வேறென்ன? தலைக்கு மேல் தூக்குக் கயிறு தொங்குகிறது என்றால் எதிரி பேச்சுவார்த்தைக்கு வருவான். பணமோ நிலமோ கை மாறும். அடுத்த முறை அப்பீல்காரன் வர மாட்டான். பதிவில் "வரவில்லை, அவனைப் பிடியுங்கள், ஜாமீன்தாரர்களுக்கு அபராதம்" என்று ஒரு வரி. இந்த வரி சலிக்கும் அளவுக்கு வரும். ராஜாவுக்கு அதிலும் வரும்படி. அனுமதி இல்லாமல் ராஜி செய்தாலும் அபராதம். என் காலத்தில் சாட்சிகள் பல்டி அடித்த வழக்குகளில் பாதி இதே கதைதான், பெயர்தான் வேறு.

பொய் அப்பீலுக்குக் கடிவாளம் 1285-இல் வந்தது. இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி எதிரி விடுதலையானால் அப்பீல்காரனுக்கு ஒரு வருடம் சிறை, மேலே நஷ்டஈடு.

ஏட்டுச்சுவடி:
அதற்குள் ஜனங்கள் வேறு பாதைக்கு நகர ஆரம்பித்துவிட்டார்கள். டிரெஸ்பாஸ் ரிட், அதாவது வழக்கைத் தொடங்க ராஜாவிடம் வாங்கும் ஆணை. இன்று டிரெஸ்பாஸ் என்று கேட்டால் "அனுமதியின்றி உள்ளே வராதே" பலகைதான் தோன்றும். அன்று அது எல்லா விதமான தீங்குக்கும் பொதுப்பெயர். இதில் மோதல் இல்லை, தூக்கு இல்லை. ஜூரி நஷ்டஈட்டுத் தொகை சொல்லும், தோற்றவன் ராஜாவுக்கும் தனியாகக் கட்டுவான். 1278-இல் வந்த குளோஸ்டர் சட்டம், 40 ஷில்லிங்குக்குக் குறைந்த பொருள் வழக்குகளை மாவட்டத்துக்கே திருப்பிவிட்டது. காயத்துக்கும் மேஹெமுக்கும் மட்டும் பழையபடி ரிட் வாங்கலாம் என்று விட்டுவைத்தது.

சந்தேகப்பிராணி:
ரிட்டுகளில் எல்லாம் "வாளும் வில்லும் அம்பும் ஏந்தி" என்று வருகிறதே. அந்த நாட்டில் எல்லாரும் ஆயுதத்தோடேயே திரிந்தார்களா?

ஏட்டுச்சுவடி:
இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "பலாத்காரமாகவும் ஆயுதத்தோடும், ராஜாவின் அமைதிக்கு எதிராக" என்பது ரிட் வாங்கத் தேவையான வாசகம். ராஜாவின் மன்றத்துக்குள் நுழையும் டிக்கெட். 1317-இல் ஒரு வழக்கு. வாங்கி வைத்த ஒரு பீப்பாய் ஒயினை, விற்றவர்கள் வாளோடும் வில்லம்போடும் வந்து திறந்து, ஒயினை எடுத்துவிட்டுக் கடல் நீரை ஊற்றினார்களாம். ஒயினில் உப்புத் தண்ணீர் கலக்க வில் எதற்கு? கப்பலில் ஏதோ விபத்தாக இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் ஊகம். ஆகவே காய வழக்குகளிலும் ஆயுதப் பட்டியலைப் பார்த்து வன்முறையை அளக்க வேண்டாம்.

பழைய வக்கீல்:
நம் எஃப்.ஐ.ஆரில் "அசிங்கமாகத் திட்டி, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி" என்று வருவது போல. யார் அடித்தாலும் அந்த வசனம் இருக்கும்.

நீலாம்பரி:
எனக்குப் பிடித்த வழக்கை நான் சொல்கிறேன். 1348. இரவில் ஒருவன் ஒயின் வேண்டும் என்று மதுக்கடைக்கு வருகிறான். கடை மூடியாகிவிட்டது. கைக்கோடரியால் கதவை இடிக்கிறான். கடைக்காரன் மனைவி ஜன்னலில் தலையை நீட்டி "நிறுத்து" என்கிறாள். அவளை நோக்கிக் கோடரியை வீசுகிறான். படவில்லை. வழக்கில் ஜூரி, "அடி படவில்லையே, தீங்கு என்ன?" என்கிறது. நீதிபதி தோர்ப் ஒத்துக்கொள்ளவில்லை: தாக்க வந்ததே தீங்குதான். நஷ்டஈடு அரை மார்க், அதாவது 6 ஷில்லிங் 8 பென்ஸ்.

இவ்வளவு நேரம் நீளம், ஆழம், எந்தப் பல் என்று பேசிக்கொண்டிருந்தோம். இங்கே ஒரு கீறல்கூட இல்லை. காயமே இல்லாத ஒரு பெண்ணின் பயத்துக்கு விலை வைத்திருக்கிறார்கள்.

சந்தேகப்பிராணி:
பணம் அவள் கைக்கா போயிருக்கும்? கணவனும் சேர்ந்துதானே வழக்குப் போட்டான்.

நீலாம்பரி:
ஆமாம், அதுவும் உண்மை. என் உற்சாகத்தில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வெண்ணாறு:
எல்லாம் சரி, என் மூக்கு என்ன ஆயிற்று?

பழைய வக்கீல்:
உங்கள் மூக்கு 1671 வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் 1404-இல் நாக்குக்கும் கண்ணுக்கும் ஒரு சட்டம் வந்தது: திட்டமிட்டு நாக்கை அறுத்தாலோ கண்ணைப் பிடுங்கினாலோ ஃபெலனி. கொள்ளையடித்தவர்கள், ஆள் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள் என்பது பிற்கால உரையாசிரியர்கள் தரும் காரணம்.

1670 டிசம்பரில் ஜான் கோவென்ட்ரி என்ற பாராளுமன்ற உறுப்பினர், இரண்டாம் சார்லஸின் நடிகைத் தோழிகளைப் பற்றிச் சபையில் ஒரு நக்கல் அடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மறித்து மூக்கைக் கிழித்தார்கள். பழைய சட்டத்தில் மூக்குக்கு இடம் இல்லை. கொதித்துப்போன பாராளுமன்றம் மறுவருடமே மூக்கையும் சேர்த்துச் சட்டம் போட்டது. அடிபட்டது உறுப்பினரின் மூக்கு என்பதால் வேகம் அப்படி.

1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முகத்தை நிரந்தரமாக அலங்கோலம் செய்வதும் கொடுங்காயப் பட்டியலில் ஏறிவிட்டது, பல் பக்கத்திலேயே. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. கடும் வலி எத்தனை நாள் நீடித்தால் கொடுங்காயம் என்ற கணக்குதான் 20-இலிருந்து 15 ஆயிற்று.

கட்டுப்போடுபவள்:
தம்பி வெண்ணாறு, கடைசியாக ஒன்று. போனது எந்தப் பல்?

வெண்ணாறு:
கடைவாய்ப் பல் அக்கா.

ஏட்டுச்சுவடி:
அடடா. பிராக்டனிடம் போனால் ஒன்றும் தேறாது, அவர் முன்பல்லுக்குத்தான் பேசுவார். அவருக்கும் 600 வருடம் முந்திய கென்ட் அரசன் ஏதெல்பர்ட்டிடம் போங்கள். அவர் சட்டத்தில் முன்பல் நான்குக்கும் தலா 6 ஷில்லிங், அடுத்ததற்கு 4, அதற்கடுத்ததற்கு 3, மிச்சப் பல் எதுவானாலும் 1 ஷில்லிங்.

வெண்ணாறு:
ஸ்டேஷனில் எதிர்த்தரப்புக்காரர்கள் அதைக்கூடத் தர மாட்டேன் என்றார்கள்.

பழைய வக்கீல்:
இங்கே எந்தப் பல்லும் பல்தான். பல் டாக்டர் சான்றும் எக்ஸ்ரேயும் பத்திரமாக இருக்கிறதா? எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள் தம்பி.